படகைத் துளைக்காமல் ஆழம் அறிய: ஏர்மார் பி79 கருவியும் மஜ்காவ் பட்டறையின் வேலையும்

ஆழமானி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திரையின் அகலத்தையும் படத்தின் பளபளப்பையும் பார்த்தே விலை பேசுகிறார்கள். ஒலியை நீருக்குள் அனுப்பி எதிரொலியை வாங்கித் தரும் டிரான்ஸ்டியூசரைப் படகின் எந்த இடத்தில் எப்படிப் பொருத்துவது என்ற கேள்வி, பணம் கட்டி முடித்த பிறகுதான் எழுகிறது. செம்பூரில் வசிக்கும் என் மைத்துனர் மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கும் துறைமுகத்தின் எதிர்க்கரையிலுள்ள மாண்ட்வாவுக்கும் இடையே வாடகைக்கு ஓட்டும் 24 அடி விரைவுப் படகில் மழைக்காலம் முடிந்த கையோடு பொருத்தப்பட்ட ஏர்மார் பி79 என்னும் இன்-ஹல், அதாவது படகின் உட்புறமாகவே பொருத்தும், டிரான்ஸ்டியூசரையும், அதைப் பொருத்தித் தந்த மஜ்காவ் பட்டறையின் வேலையையும் பற்றியது இந்த மதிப்புரை. கப்பல்களில் மின்பணி பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், வேலை நடந்த நேரமெல்லாம் நானும் படகில் இருந்தேன். திடமான ஃபைபர் அடியுள்ள விரைவுப் படகுக்கு, அதிலும் மும்பைக் கடலில் ஓடும் படகுக்கு, இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பட்டறையைப் பற்றி அவ்வளவு ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

இந்தத் துறைமுகத்தில் ஆழம் தெரியாமல் ஓட்டுவது எத்தகைய காரியம் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே நீர்மட்டம் ஆறு மணி நேர இடைவெளியில் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும், மழைக்காலத்தில் 4.5 மீட்டரைத் தாண்டும் ஏற்றம் வரும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவித்துக் கடற்கரைக்குப் போக வேண்டாம் என்று எச்சரிப்பதை மும்பைவாசிகள் அறிவார்கள். காலையில் தாராளமாகக் கடந்துபோன இடத்தில் பிற்பகலில் சேறு தட்டும். நீரோ எப்போதும் கலங்கலாகவே இருப்பதால், கண்ணால் பார்த்து அடிமட்டத்தை ஊகிக்கும் பேச்சுக்கே இடமில்லை. மாண்ட்வா இறங்குதுறையை அணுகும் வழி அடிக்கடி வண்டலால் மேடேறித் தூர்வாரப்படுவது. கொலாபா முனைக்குத் தெற்கே ப்ராங்ஸ் பாறைத்திட்டு நீண்டு கிடக்கிறது. 2018 அக்டோபரில், நரிமன் பாயின்ட்டுக்கு எதிரே கடலில் சிவாஜி நினைவிடம் அமையவிருந்த பகுதிக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற விரைவுப் படகு பாறையில் மோதி மூழ்கி ஓர் உயிர் போனது. வழக்கமாகப் போகும் பாதையில் ஓட்டுபவருக்கு எல்லாம் மனப்பாடம்தான். வழியில் கோலி மீனவர்களின் டோல் வலையைச் சுற்றிக்கொண்டு விலக நேரும்போதோ, பயணியர் படகுக்கு வழி விட்டு ஒதுங்கும்போதோ மனப்பாடம் கைகொடுக்காது.

டிரான்ஸ்டியூசரைப் பொருத்த மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது, படகின் பின்பலகையில், அதாவது டிரான்ஸத்தில், வெளிப்புறமாகத் திருகி வைப்பது. விலை குறைவு, வேலையும் சுலபம் என்பதால் நம் படகோட்டிகளில் பலர் இதையே விரும்புகிறார்கள். மைத்துனரின் படகிலும் முன்பு இதுதான் இருந்தது. ஆனால் இந்தத் துறைமுகத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளும் அறுந்த வலைக் கயிறுகளும் அதன் தாங்கியில் சிக்கிக்கொள்கின்றன. வெதுவெதுப்பான உப்புநீரில் நங்கூரமிட்டு நிற்கும் படகின் வெளிப்பொருள் எதன் மீதும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரி விரைவாகப் படிந்துவிடும். படிந்தால் ஒலி மங்கும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், படகு வேகமெடுக்கும்போது பின்பலகையைச் சுற்றி நுரைக்கும் காற்றுக்குமிழிகள் எதிரொலியைக் கெடுத்து, ஆழம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் திரையில் வெறும் கோடுகளைக் காட்டும். இரண்டாவது முறை, அடியில் துளையிட்டு உலோக உடல் கொண்ட டிரான்ஸ்டியூசரை நீருக்கு நேராக வைப்பது. ஒலிக்கு இதுவே சிறந்த வழி. ஆனால் கிரேன் வைத்துப் படகைக் கரையேற்ற வேண்டும். நல்ல ஃபைபர் அடியில் துளையிட வேண்டும். அந்தத் துளையின் அடைப்பை ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும். வேகப் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எதையும், அதுவும் சேற்றில் அமரக்கூடிய படகில், நான் விரும்புவதில்லை.

மூன்றாவது முறைதான் இங்கே பேசப்படுவது. டிரான்ஸ்டியூசர் படகுக்கு உள்ளேயே, அடித்தட்டின் மீது இருக்கும். ஒலி ஃபைபரை ஊடுருவி நீருக்குப் போய், மீண்டும் ஃபைபரை ஊடுருவித் திரும்பும். இரு முறை சுவரைக் கடப்பதால் ஓரளவு ஒலி வீணாகிறது என்பது உண்மை. அந்த இழப்பு ஆழ்கடல் மீன்பிடிப் படகுக்குப் பெரிய குறை. மும்பைக்கு வெளியே கரையிலிருந்து பல கிலோமீட்டர் போனாலும் 20 மீட்டர் ஆழத்தைத் தாண்டாத கடலில், 600 வாட் சக்தியுள்ள கருவி அந்த இழப்பைப் பொருட்படுத்த வேண்டியதே இல்லை. நூற்றுக்கணக்கான மீட்டர் எட்டக்கூடிய ஒலியைப் பத்து, பதினைந்து மீட்டருக்குப் பயன்படுத்தும்போது கொஞ்சம் சுவருக்குக் கொடுப்பதில் நமக்கு என்ன நட்டம்?

ஆனால் எல்லாப் படகுக்கும் இது பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒலிக்குப் பகை காற்று. நீரில் செல்லும் ஒலி காற்றின் எல்லையைத் தொட்டவுடன் ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடுகிறது. இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ நுரைப்பொருளோ வைத்துக் கட்டப்பட்ட சாண்ட்விச் அடியில் அந்த நடுப்பொருள் காற்றறைகள் நிறைந்தது. அதன் மேல் எவ்வளவு உயர்ந்த டிரான்ஸ்டியூசரை ஒட்டினாலும் பயனில்லை. மரம், எஃகு, அலுமினியம், கார்பன் ஃபைபர் ஆகியவற்றால் ஆன அடிக்கும் இவ்வகை ஏற்றதல்ல. ஆகவே இதை வாங்கும் முன், படகு கட்டியவரிடம் அடித்தட்டு முழுவதும் திடமான ஃபைபர்தானா, நடுவில் ஏதேனும் நிரப்பியிருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது கட்டாயம். மைத்துனரின் படகில் பக்கச் சுவர்களில் நுரை நிரப்பு உண்டு. அடியின் நடுவே நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பான ஏராவை ஒட்டிய அடிப்பகுதி மட்டும் சுமார் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள திடமான ஃபைபர் என்று கட்டியவரே உறுதி செய்த பிறகுதான் கருவிக்குப் பணம் கட்டினோம்.

பி79 இரண்டு பகுதிகளால் ஆனது. வாளி போன்ற பிளாஸ்டிக் அடிக்கூடு ஒன்று படகின் உள்ளடியில் நிரந்தரமாக ஒட்டப்படும். அதற்குள் திரவம் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை மேலிருந்து இறக்கித் திருப்பிப் பூட்ட வேண்டும். இதன் சிறப்பு சாய்வைச் சரிசெய்யும் வசதி. விரைவுப் படகுகளின் அடி ஆங்கில எழுத்தான வி வடிவில் ஏராவை நோக்கிச் சரிந்திருக்கும். மைத்துனரின் படகில் பின்பகுதியில் அந்தச் சரிவு சுமார் 20 டிகிரி. பி79 கருவியை 22 டிகிரி வரையான சரிவுக்கு ஏற்பத் திருப்பி வைக்கலாம்; படகின் அடி எப்படிச் சரிந்திருந்தாலும் ஒலிக்கற்றை நேர் கீழே பார்க்கும். சாதாரண டிரான்ஸ்டியூசரை எப்பாக்ஸியில் புதைத்து அடித்தட்டின் மீது நேரடியாக ஒட்டிவிடும் மலிவான வழி ஒன்றும் நடைமுறையில் உண்டு. பட்டறையில் முதலில் அதைத்தான் பரிந்துரைத்தார்கள். தட்டையான அடியுள்ள படகுக்கு அது குற்றமில்லை. 20 டிகிரி சரிவில் அப்படி ஒட்டினால் ஒலி பக்கவாட்டில் சாய்ந்து போகும். சாய்ந்த தூரத்தை ஆழம் என்று எடுத்துக்கொண்டால் 10 மீட்டர் ஆழம் 10.6 மீட்டருக்கு மேல் காட்டப்படும். ஆழமானி குறைத்துக் காட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். கூட்டிக் காட்டும் ஆழமானி இல்லாமலிருப்பதே மேல். மேலும், எப்பாக்ஸியில் புதைத்ததை இடம் மாற்றவோ பழுதுபார்க்கவோ எடுக்க முடியாது. இந்தக் காரணங்களைச் சொல்லி அந்தப் பரிந்துரையை மறுத்தபோது பட்டறை உரிமையாளர் வாதாடவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

வேலைக்கு வந்தவர் தாராவியில் பிறந்து வளர்ந்த, திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்விகமுள்ள இளைஞர். பசை டப்பாவைத் திறக்கும் முன்பே அவர் கேட்டது ஒரு தடித்த பிளாஸ்டிக் பை. "அண்ணாச்சி, பசை போட்டாச்சுன்னா அப்புறம் அசைக்க முடியாது. மொதல்ல கடல்ல வச்சுப் பாத்துருவோம்" என்றார். இந்தப் பட்டறையை நான் பிறருக்குப் பரிந்துரைக்கத் துணிவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும். இடம் பார்க்காமல் ஒட்டுவதே இவ்வகைக் கருவி கெட்ட பெயர் வாங்குவதற்கு முதற்காரணம்.

அவர் செய்த முறையை விரிவாகவே எழுதுகிறேன். வேறு பட்டறைக்குப் போகிறவர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். படகைத் துறைமுகக் கால்வாயின் ஆழமான பகுதிக்குக் கொண்டுபோய், எஞ்சினை நிறுத்தி, டிரான்ஸ்டியூசரை முதலில் பக்கவாட்டில் நேராகக் கடல்நீரில் இறக்கித் திரையில் தெரிந்த ஆழத்தையும் எதிரொலியின் அடர்த்தியையும் குறித்துக்கொண்டார். பிறகு பிளாஸ்டிக் பையில் நீர் நிரப்பி, அதற்குள் டிரான்ஸ்டியூசரை அமிழ்த்தி, காற்று புகாதபடி வாயைக் கட்டி, நனைத்த உள்ளடியின் மீது பையை அழுத்தி வைத்து அதே எண்ணும் அதே அடர்த்தியும் வருகிறதா என்று பார்த்தார். முதலில் வைத்த இடத்தில் அடிமட்டக் கோடு வெளிறித் தெரிந்தது. ஏராவை நோக்கி ஒரு சாண் நகர்த்தியதும் கோடு தடித்தது. இன்னும் நகர்த்தியபோது மீண்டும் மெலிந்தது.

இது மாயமில்லை. கையால் பூசிப் பூசிக் கட்டும் ஃபைபர் அடியின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. சுவரின் தடிமன் அந்தப் பொருளுக்குள் ஒலியின் அரை அலைநீளத்தை ஒட்டியோ அதன் மடங்கை ஒட்டியோ அமையும் இடத்தில் ஒலி எளிதாகக் கடக்கும். இடைப்பட்ட தடிமனில் திணறும். நீரில் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7.5 மில்லிமீட்டர்தான் என்பதையும், ஃபைபருக்குள் அது அதைவிட நீண்டது என்பதையும் நினைத்தால், ஓரிரு மில்லிமீட்டர் தடிமன் வேறுபாடு எவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தரும் என்பது விளங்கும். பிசினில் சிக்கிய காற்றுக்குமிழிகள் இருந்தாலும் இதே கதைதான். இவற்றைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. பையை வைத்துத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நின்ற நிலையில் நல்ல இடம் கிடைத்தால் மட்டும் போதாது. வேகமெடுத்த படகின் முன்பகுதி நீரைவிட்டு மேலெழுந்துவிடுவதால், அடியில் எப்போதும் நீர் தொட்டிருக்கும் பின்பகுதியில், ஏராவுக்கு நெருக்கமாக இடம் அமைய வேண்டும். அதற்கு முன்னால் அடியில் நீர்வாங்கித் துளைகளோ, நீளவாட்டு விளிம்புகளோ இருந்தால் அவை கிளப்பும் குமிழிகள் அந்த இடத்தின் கீழே ஓடிவரும். ஒற்றை எஞ்சின் படகில் சுழலி இறக்கைகள் கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தைத் தேர்வது வழக்கம். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் சுழலிக்கு அது வலப்பக்கம். இளைஞர் இவற்றையெல்லாம் வாய்பாடு போல் சொல்லாமல், நான் கேட்கக் கேட்கக் காரணத்தோடு சொன்னார். பிறகு பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மைத்துனரை முழு வேகத்தில் ஓட்டச் சொல்லி, எண் அறுபடாமல் ஓடுகிறதா என்று பார்த்த பின்தான் அந்த இடத்தைச் சுற்றி மார்க்கரால் வட்டம் வரைந்தார். இந்தத் தேடலுக்கு ஏறக்குறைய அரை நாள் பிடித்தது. ஒட்டும் வேலை அதில் பாதி நேரம்கூட எடுக்கவில்லை.

ஒட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். படகின் உள்ளடிப் பள்ளமான பில்ஜில் தேங்கிய எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் துடைக்கப்பட்டது, நெய்த ஃபைபர் துணியின் மேடு பள்ளங்கள் போகும்வரை 80 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தப்பட்டது, அசிட்டோனால் துடைக்கப்பட்டது. பிறகு அடிக்கூட்டை ஏராவின் திசைக்கு ஏற்பத் திருப்பி, படகுக்கான சீலன்ட்டால் ஒட்டி, ஒரு நாளுக்கு மேல் அசையாமல் விட்டார்கள். படகைக் கரையேற்றாமல், மிதக்கும் நிலையிலேயே இவ்வளவும் முடிந்தது இம்முறையின் பெரிய லாபம். அதன் பிறகு கூட்டில் நீர் ஊற்றிக் கசிவு பார்த்ததும் முறையான வேலை.

திரவத்தில்தான் சிறு விவாதம் வந்தது. கூட்டுக்குள் ஊற்றப்படும் திரவம், மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் முன் வயிற்றில் தடவும் ஜெல்லின் வேலையைச் செய்கிறது: டிரான்ஸ்டியூசருக்கும் ஃபைபருக்கும் நடுவே காற்று நுழையாமல் ஒலிக்குப் பாலம் போடுகிறது. நச்சற்ற புரோப்பிலீன் கிளைக்கால் ஊற்றச் சொல்கிறது கையேடு. பட்டறையில் கார் ரேடியேட்டருக்கான பச்சைக் கூலன்ட் தயாராக இருந்தது. அவ்வகைக் கூலன்ட்டுகள் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலால் ஆனவை, நச்சுள்ளவை. பயணிகள் ஏறும் படகின் பில்ஜில் அது கசிய வேண்டாம் என்று தடுத்தேன். பழைய ஆட்கள் சிலர் ஆமணக்கெண்ணெய் ஊற்றுவதும் உண்டு. அது மூடத்தனமில்லை, கடற்படை சோனார் கருவிகளின் உட்புறத்தை நிரப்ப ஆமணக்கெண்ணெய் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. ஆனாலும் இந்தக் கூட்டின் ரப்பர் வளையத்துக்கு எது ஒத்துப்போகும் என்று செய்தவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது என்பதால், கையேட்டின் வழியே போனோம். பிரின்சஸ் ஸ்ட்ரீட்டின் ரசாயனக் கடைகளில் புரோப்பிலீன் கிளைக்கால் கேட்டவுடன் கிடைக்கிறது. மும்பையில் உறைபனி இல்லையே, வெறும் தண்ணீர் போதாதா என்று மைத்துனர் கேட்டார். தண்ணீர் வேலை செய்யும். ஆனால் படகின் உள்ளேயுள்ள வெப்பத்தில் வேகமாக ஆவியாகும், நாளடைவில் பாசியும் பிடிக்கும்.

குறை சொல்ல வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. டிரான்ஸ்டியூசரின் கேபிளை எஞ்சின் மின்கம்பிகளோடும் விஎச்எஃப் வானொலியின் ஆன்டெனா கேபிளோடும் ஒரே கட்டாகக் கட்டி முன்னால் கொண்டுபோயிருந்தார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் திரையில் நெடுக்குக் கோடுகள் மழைபோல் விழுந்தன. கேபிளைப் பிரித்துப் படகின் மறுபக்கமாக வழி மாற்றிய பிறகே அவை நின்றன. இது அடிப்படைப் பாடம். இடம் தேடுவதில் அவ்வளவு நுணுக்கம் காட்டிய பட்டறை இதில் அசட்டையாக இருந்ததற்குக் காரணம், வயரிங்கைச் செய்தவர் வேறொரு ஆள் என்பதுதான். மிச்சக் கேபிளை வெட்டாமல் சுருட்டி வைத்தது மட்டும் சரி. இவ்வகைக் கேபிளை வெட்டி ஒட்டினால் ஒலியின் தரம் கெடும்.

இரண்டாவது குறை அதைவிடப் பெரியது. ஆழத்தின் தொடக்கப் புள்ளியைச் சரிசெய்யும் ஆஃப்செட் அமைப்பைப் பூஜ்யத்திலேயே விட்டுவிட்டுப் படகை ஒப்படைத்தார்கள். டிரான்ஸ்டியூசர் அளப்பது தன் முகத்திலிருந்து கடலடி வரையுள்ள தூரத்தை. இன்-ஹல் கருவி நீர்மட்டத்துக்குக் கீழே, எஞ்சினின் அடிமுனைக்கு மேலே இருக்கிறது. மைத்துனரின் படகில் பின்பலகைக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சினின் அடிமுனையான கீழ்த்துடுப்பு, டிரான்ஸ்டியூசரைவிட 40 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. திரை 0.4 மீட்டர் என்று காட்டும் நேரத்தில் துடுப்பு சேற்றைத் தொட்டிருக்கும்! கழித்தல் 0.4 என்று ஆஃப்செட் கொடுத்தால் திரையில் வரும் எண் துடுப்புக்குக் கீழே மிஞ்சியிருக்கும் நீராகிவிடும். நீர்மட்டத்திலிருந்து ஆழம் தெரிய வேண்டும், கடல் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும் என்பவர்கள் கூட்டல் எண்ணைக் கொடுப்பார்கள். விரைவுப் படகுக்கு நான் முதல் முறையையே பரிந்துரைப்பேன். படகு வேகமெடுத்து எழும்பும்போது நீர்மட்டத்துக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் உள்ள இடைவெளி மாறிவிடுகிறது. டிரான்ஸ்டியூசருக்கும் துடுப்புக்கும் உள்ள இடைவெளி எஞ்சினை இறக்கி வைத்திருக்கும்வரை மாறுவதில்லை. ஆஃப்செட்டை நானே அமைத்து, கயிற்றில் ஈயக்குண்டு கட்டி நின்ற நீரில் ஒப்பிட்டுப் பார்த்தபோது வேறுபாடு ஒரு கையகலத்துக்குள் இருந்தது.

இனி, ஓடும்போது கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பது. மாண்ட்வாவுக்குப் போகும் வழி முழுவதும், முழு வேகத்தில், எண் அறுபடாமல் வருகிறது. பழைய பின்பலகைக் கருவி இதை ஒருபோதும் தந்ததில்லை. பெரிய பயணியர் படகின் பின்னலையைக் குறுக்கே கடக்கும்போது சில விநாடிகள் எண் காணாமல் போகிறது; நுரைத்த நீரைக் கடந்ததும் திரும்பிவிடுகிறது. காற்று கலந்த நீரில் எந்த டிரான்ஸ்டியூசரும் குருடுதான். மூன்றடிக்கும் குறைந்த நீரில் எண் தடுமாறி, சில வேளைகளில் இரட்டிப்பு ஆழத்தைக் காட்டுகிறது. ஒலி கடலடிக்கும் படகுக்கும் இடையே இருமுறை போய்வருவதால் நேரும் இந்தத் தடுமாற்றம் ஆழமானிகளுக்குப் பொதுவானது என்றாலும், இறங்குதுறையை நெருங்கும்போது ஓட்டுபவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கருவியின் இரண்டு அலைவரிசைகள் மும்பையின் சேற்றுக்குத் தனிப்பயன் உள்ளவை. 200 கிலோஹெர்ட்ஸ் கற்றை சுமார் 12 டிகிரி அகலம் கொண்டது; 10 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 2 மீட்டர் வட்டத்தை மட்டும் பார்க்கும். 50 கிலோஹெர்ட்ஸ் கற்றை சுமார் 45 டிகிரி. அதே ஆழத்தில் 8 மீட்டர் வட்டம். பாறைச் சரிவின் அருகே அகலக் கற்றை, பக்கத்திலுள்ள மேட்டை முன்கூட்டியே பிடித்து ஆழத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால் அது பாதுகாப்பின் பக்கம் நிற்கிறது. குழம்பு போன்ற இளஞ்சேறு படிந்த இடத்திலோ கதை மாறும்: உயர்ந்த அலைவரிசை சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிட, தாழ்ந்த அலைவரிசை அதற்குள் இறங்கிக் கெட்டியான அடுக்கைத் தொட்டுத் திரும்பும். மாண்ட்வா அருகே இரண்டு எண்களும் பிரிந்து நிற்பதைக் காண முடிகிறது. துறைமுகங்களில் தூர்வாரும் அளவீட்டுக்கு இரட்டை அலைவரிசை எதிரொலிமானிகளைப் பயன்படுத்துவதும் இந்தக் காரணத்தால்தான். எஞ்சின் குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் விரைவுப் படகுக்கு அந்த இளஞ்சேறும் ஆபத்தே ஆகையால், ஓட்டும்போது 200 கிலோஹெர்ட்ஸ் எண்ணையே நம்பும்படி மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன்.

துல்லியம் பற்றி ஒரு சொல். ஆழமானிகள் பல, கடல்நீரில் ஒலியின் வேகத்தை விநாடிக்கு 1,500 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகின்றன. நம் வெப்பக் கடலில், 28 டிகிரி உப்புநீரில், அது 1,540 மீட்டரை ஒட்டியது. ஆகவே 10 மீட்டரில் 25 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்துக் காட்டக்கூடும். இது நமக்குச் சாதகமான பிழை.

இதனால் முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். நீரின் வெப்பநிலையை இது காட்டாது. கடலடியைப் புகைப்படம் போல் காட்டும் 455, 800 கிலோஹெர்ட்ஸ் இமேஜிங் வகை ஒலி ஃபைபர் சுவரைத் தாண்டி ஒழுங்காகப் போகாது. அந்தப் படங்களைக் காட்டித் திரையை விற்கும் கடைக்காரர்கள், அந்தப் படத்துக்கு டிரான்ஸ்டியூசர் நீருக்குள் இருந்தாக வேண்டும் என்பதைத் தாமாகச் சொல்வதில்லை. மீன்பிடிக்காகக் கூர்மையான படம் வேண்டும் என்பவர்கள் துளையிட்டுப் பொருத்தும் வகைக்கே போகட்டும். ஏற்கெனவே திரை வைத்திருப்பவர்கள் அது 50/200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசரை ஏற்குமா, இணைப்பான் எத்தனை முனை கொண்டது என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரே பி79 வெவ்வேறு இணைப்பான்களோடு விற்கப்படுகிறது.

பட்டறை கூலியாக 7,500 ரூபாய் வாங்கியது. கேபிளை வழி மாற்றியதற்குத் தனிக் கட்டணம் கேட்டு, காரணத்தை எடுத்துச் சொன்னதும் விட்டுவிட்டது. கருவியை வேறிடத்தில் வாங்கிக் கொண்டுவந்தால் அதன் உத்தரவாதத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று முதலிலேயே சொன்னது நியாயமானது. இறக்குமதிச் சரக்கு என்பதால் டெலிவரிக்குக் காத்திருக்க நேரலாம். பருவம் தொடங்கும் அக்டோபரில் கேட்பதைவிட, படகுகள் கரையேறும் ஜூனிலேயே சொல்லி வைப்பது நல்லது. அந்தப் பட்டறைக்குப் போகிறவர்கள் இடம் தேடும் வேலையைத் தாராவி இளைஞரிடமே விட்டுவிட்டு, கேபிள் போகும் வழியையும் ஆஃப்செட் எண்ணையும் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். இதற்கு மேல் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை: ஆண்டுக்கு ஒருமுறை கூட்டைத் திறந்து திரவம் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும், படகின் வெளியடியைச் சுரண்டிக் கொட்டலசு நீக்கும்போது கருவிக்கு நேர் கீழேயுள்ள பகுதியைத் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும், அங்கே வண்ணம் பூசும்போது தடித்துப் படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.